பொறுமையில் வேரூன்றிய பணி: புனித யோசப் வாஸ் அடிகளார்



எம்மில் எதற்காகவும் காத்திராதவர் எவரும் இல்லை. பிள்ளையின் பரீட்சை முடிவுக்காக ஒரு தாய் காத்திருக்கின்றார். கடல் கடந்து சென்ற மகனின் அழைப்புக்காக ஒரு தந்தை காத்திருக்கின்றார். தீராத நோய் தீருமா என்று ஒருவரும், காணாமற்போன உறவு குறித்து ஒரு சொல்லாவது கிடைக்குமா என்று இன்னொருவரும் ஏங்குகின்றனர். நவநாள் செபம் ஒன்பது நாட்களில் நிறைவடைந்து விடுகின்றது. எமது காத்திருப்போ அத்துடன் முடிந்து விடுவதில்லை. அவ்வேளைகளில் எமது உள்ளத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இறைவன் எனது மன்றாட்டைக் கேட்கின்றாரா? இந்த நிலையில் இருந்துகொண்டு என்னால் யாருக்கு என்ன பயன்?

இவ்விரு கேள்விகளுக்கும் தமது வாழ்வாலேயே விடையளித்துச் சென்ற ஒருவரைப் பற்றி இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். அவரது பெயர் உங்களுக்குப் புதியதன்று. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதம் 16ஆம் திகதி இலங்கைத் திருச்சபை அவரது திருநாளைக் கொண்டாடுகின்றது. அவரே இலங்கையின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித யோசப் வாஸ் அடிகளார். அவர் செய்த அற்புதங்களைப் பற்றி நாம் அடிக்கடி கேட்டிருக்கின்றோம். அவர் காத்திருந்த ஆண்டுகளைப் பற்றி அவ்வளவாக நாம் சிந்திப்பதில்லை.

கோவாவில் பிறந்த ஆவல்

யோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் திகதி கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில், தாயாரின் இல்லத்தில் பிறந்தார். தந்தையாரின் ஊர் சங்கோலே. கொங்கணி மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பம் அது. சிறுவயதிலேயே போர்த்துக்கேய மொழியையும் இலத்தீனையும் கற்றுத் தேர்ந்த அவர், கோவா நகரில் மெய்யியலும் இறையியலும் பயின்று, 1676ஆம் ஆண்டு குருவாக அருட்பொழிவு பெற்றார். அன்று முதல் ஏழைகளைப் போல வெறுங்காலுடன் நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். மறுஆண்டு அன்னை மரியாளின் அடிமையாகத் தம்மை எழுத்து மூலம் ஒப்புக்கொடுத்தார்.

அக்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த செய்திகள் கோவாவிலிருந்த குருக்களின் உள்ளங்களை வருத்தின. போர்த்துக்கேயரிடமிருந்து 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றியிருந்தனர். கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஆலயங்கள் சீர்திருத்த சபையின் வழிபாட்டிடங்களாக மாற்றப்பட்டன. குருவானவர் ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தவருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. மக்கள் வெளியில் ஒரு சபையைச் சேர்ந்தவர்களாகவும், வீட்டுக்குள் செபமாலை உருட்டுபவர்களாகவும் வாழ வேண்டியதாயிற்று. திருப்பலி இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்பார் இல்லை. மரணப் படுக்கையில் அவஸ்தைப்பூசுதல் கொடுப்பார் இல்லை. ஒரு தலைமுறையே அவ்வாறு வளர்ந்துகொண்டிருந்தது.

இதனைக் கேள்வியுற்ற இளங்குருவின் உள்ளத்தில் இலங்கைக்குச் செல்ல வேண்டும் என்ற ஆவல் மூண்டது. மேலதிகாரிகளிடம் வேண்டினார். ஆனால் 1681ஆம் ஆண்டு அவருக்குக் கிடைத்த நியமனம் இலங்கைக்கு அன்று. கன்னடக் கரையோரப் பகுதிக்கு.

வேண்டியது கிடைக்காதபோது

இவ்விடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். உள்ளம் ஓரிடத்தில், அனுப்பப்பட்டதோ வேறோர் இடத்தில். போதாக்குறைக்கு, அங்கே கத்தோலிக்கர்களிடையே அதிகாரப் பிணக்கு ஒன்றும் தலைதூக்கியிருந்தது. போர்த்துக்கேய மன்னரின் ஆதரவுரிமையின் கீழ் கோவாவின் ஆயர்பீடம் ஒருபுறமும், உரோமையிலிருந்து நேரடியாக நியமிக்கப்பட்ட ஆயர் மறுபுறமுமாக மக்கள் பிளவுபட்டிருந்தார்கள். எவர் கொடுக்கும் அருட்சாதனம் செல்லும் என்ற குழப்பம் வீடுகளுக்குள்ளும் புகுந்திருந்தது.

இத்தகைய இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? எனது அழைப்பு இதுவல்ல என்று முறுமுறுத்திருப்போம். அல்லது நாட்களை எண்ணிக்கொண்டிருந்திருப்போம். யோசப் வாஸ் அடிகளாரோ, பிணக்கில் தாழ்ச்சியோடும் நிதானத்தோடும் நடந்துகொண்டார். மங்களூர் முதலிய இடங்களில் சிதைந்து கிடந்த ஆலயங்களைத் திருத்தினார். சிறுவர்களுக்குப் பாடசாலைகளை ஏற்படுத்தினார். அடிமைகளாக்கப்பட்டிருந்த கிறிஸ்தவர்களை மீட்டார். நோயாளிகளையும் கைவிடப்பட்டவர்களையும் தேடிச் சென்றார். தாம் விரும்பாத இடத்திலும் தம்மை விரும்பிய மக்களை அவர் கண்டுகொண்டார்.

1684இல் கோவாவுக்குத் திரும்பியபோதும் இலங்கைக்கான வழி திறக்கவில்லை. அவ்வேளையில் சுதேச குருக்கள் சிலர் பழைய கோவாவில் ஒன்றுகூடிச் செபத்திலும் ஒறுத்தலிலும் வாழத் தொடங்கியிருந்தனர். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியர்களைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலம் அது. 1685ஆம் ஆண்டு அடிகளார் அவர்களோடு இணைந்தார். அவர்களும் அவரையே தலைவராகத் தெரிந்துகொண்டார்கள். புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றிய இக்குழுவே பின்னர் கோவாவின் ஒறற்றோரியன் சபையாக மலர்ந்தது.

அன்பர்களே, இறைவனின் ஞானத்தைக் கவனியுங்கள். குருவான உடனேயே அவர் இலங்கைக்கு வந்திருந்தால், தனியொரு மனிதராகவே வந்திருப்பார். அவருக்குப் பின் பணியைத் தொடர எவரும் இருந்திருக்க மாட்டார். அவர் காத்திருந்த அந்த ஆண்டுகளிலேதான், பின்னொரு காலத்தில் ஒன்றரை நூற்றாண்டு அளவுக்கு இலங்கைக்குக் குருக்களை அனுப்பி வைக்கப்போகும் துறவற இல்லம் உருவாகிக்கொண்டிருந்தது. தாமதம் என்று மனிதர் கருதியதை இறைவன் ஆயத்தமாக மாற்றிக்கொண்டிருந்தார்.

பிச்சைக்காரராக வந்த தூதர்

1686ஆம் ஆண்டு தலைமைப் பொறுப்பைத் துறந்து, யோவான் என்னும் பணியாளரையும் உடன் அழைத்துக்கொண்டு அடிகளார் கோவாவிலிருந்து புறப்பட்டார். மேற்குக் கரையோரமாக நடந்து தூத்துக்குடியை அடைந்தார். அங்கிருந்து வள்ளத்தில் கடலைக் கடந்து, புயலில் அலைக்கழிந்து, 1687ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். குருவுக்குரிய உடையோ அடையாளமோ அவரிடம் இல்லை. கந்தலுடுத்த கூலியாளாக, வெறுங்காலோடு வந்தார். அப்போது அவருக்கு வயது 36. குருவாகிப் பதினொரு ஆண்டுகள் கடந்திருந்தன.

வந்தவரை வரவேற்றது பணி அன்று, நோய். கடும் வயிற்றுளைவினால் அவர் வீழ்ந்தார். தொற்றிவிடும் என்ற அச்சத்தினால் மக்கள் அவரை விலக்கி வைத்தார்கள். முன்பின் தெரியாத ஊரில் ஒதுக்குப்புறத்தில் கிடந்த அவரை, இரக்கம் கொண்ட ஒரு பெண்மணி உணவு கொடுத்துக் காப்பாற்றினார் என்று வரலாறு கூறுகின்றது. அப்பெண்மணியின் பெயர் எமக்குத் தெரியாது. இந்நாட்டின் திருச்சபை அவருடைய கைக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கின்றது என்பது மட்டும் தெரியும். இந்த நிகழ்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

உடல்நலம் தேறியதும் அவர் செபமாலையொன்றைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டதும் எந்த முகத்தில் மாற்றம் தெரிகின்றது என்று கவனித்தார். அவ்வாறு ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். நம்பிக்கையைப் பெற்ற பின்னரே தாம் குருவானவர் என்பதை வெளிப்படுத்தினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஒரு குருவின் முகத்தைக் காணாதிருந்த அம்மக்கள் எவ்வாறு கண்ணீர் சிந்தியிருப்பார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அதன்பின் சில்லாலைக் கிராமம் அவரது பணித்தளமாயிற்று. பகலில் மறைந்திருந்து, இரவில் வீடுகளிலே திருப்பலி நிறைவேற்றினார். பாவசங்கீர்த்தனம் கேட்டார், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், மக்களின் மொழியாகிய தமிழிலேயே அவர்களுக்குப் போதித்தார்.

செய்தி ஒல்லாந்த அதிகாரிகளின் செவிக்கு எட்டியது. 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், வழிபாட்டுக்காகக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்தார்கள். பலர் சிறைப்பட்டார்கள், சவுக்கடி பட்டார்கள், கடூழியத்துக்கு அனுப்பப்பட்டார்கள். தேடப்பட்ட குருவானவர் மட்டும் அகப்படவில்லை. தமக்கு அடைக்கலம் தந்த மக்கள் தம் பொருட்டுத் துன்புறுவதைக் காண்பது எந்த மேய்ப்பனுக்கும் சிறைவாசத்தை விடக் கொடிய வேதனை. அந்த வேதனையைச் சுமந்தவராக அவர் வடபகுதியை விட்டுப் புத்தளத்துக்குச் சென்றார். புத்தளம் அன்று கண்டி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது.

சிறையும் பாடசாலையாயிற்று

1692ஆம் ஆண்டு அவர் கண்டியை அடைந்தார். ஒல்லாந்தரின் அதிகாரம் எட்டாத அந்நகரில் சுதந்திரமாகப் பணியாற்றலாம் என்பது அவரது எண்ணம். ஆனால் அவர் நகரை அடையும் முன்பே அவரைப் பற்றிய அவதூறு அங்கு சென்று சேர்ந்திருந்தது. அவர் போர்த்துக்கேயரின் உளவாளி என்று, அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த கல்வீன் மதப்பிரிவைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரிடம் கூறியிருந்தார். அடிகளார் சிறைவைக்கப்பட்டார்.

மீண்டும் ஒரு கதவு அடைபட்டது. மீண்டும் காத்திருப்பு. இம்முறையும் அவர் அந்நாட்களை வீணாக்கவில்லை. காவலில் இருந்தபடியே சிங்கள மொழியைக் கற்றார். கட்டுப்பாடுகள் சற்றுத் தளர்ந்தபோது ஓலைக் கொட்டிலொன்றை அமைத்துச் சிறு சிற்றாலயமாக்கினார். கண்டியிலும் கத்தோலிக்கர் பலர் குருவின்றி வாழ்ந்து வந்தனர். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்தக் கொட்டிலைத் தேடி வரலாயினர். செபத்தையும் எளிமையையும் தவிர வேறெதனையும் காவலர்கள் அவரிடத்தில் காணவில்லை. உளவாளி என்ற சந்தேகத்தை அவர் வாதாடித் தீர்க்கவில்லை. அவருடைய அன்றாட வாழ்வே அதனைத் தீர்த்தது.

பின்னர் கண்டியில் கடும் வரட்சி ஏற்பட்டது. மன்னரின் வேண்டுகோளுக்கிணங்க அவர் திறந்தவெளியில் பீடமும் சிலுவையும் அமைத்துச் செபித்தார் என்பதும், மழை பொழிந்தது என்பதும் நீங்கள் அறிந்த வரலாறு. அதன்பின் மன்னர் அவருக்குப் பணியாற்றும் சுதந்திரத்தை வழங்கினார். அந்த ஒருநாள் மழைக்கு முன்னால், எவரும் கண்டுகொள்ளாத எத்தனை நாட்களின் செபம் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கொள்ளைநோயின் நடுவே

1697ஆம் ஆண்டு இரண்டு நிகழ்வுகள் நடந்தேறின. பத்து ஆண்டுகளாகத் தனியொருவராக உழைத்தவருக்கு உதவியாக, கோவாவிலிருந்து ஒறற்றோரியன் குருக்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான யோசப் கர்வாலியோ அடிகளார் அவருடைய மருமகன் முறையானவர். அதே ஆண்டில் கண்டியில் பெரியம்மை நோய் பரவியது.

மன்னரும் பிரதானிகளும் நகரை விட்டு அகன்றார்கள். நோயுற்றவர்களை அவர்களது உறவினர்களே கைவிட்டார்கள். வீடுகளில் தனியே விடப்பட்டவர்களும் காட்டோரங்களில் கிடத்தப்பட்டவர்களும் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஆளின்றி மாண்டார்கள். அந்நேரத்தில் நகரில் தங்கியிருந்தவர்கள் யோசப் வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனுமே. நோயாளிகளுக்காகக் கொட்டில்கள் அமைத்தார்கள். அவர்களின் புண்களைக் கழுவினார்கள், உணவூட்டினார்கள், இறந்தவர்களைத் தங்கள் கைகளாலேயே அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கர், பௌத்தர் என்ற வேறுபாட்டை அவர்கள் பார்க்கவில்லை.

இப்போது யாழ்ப்பாணத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் தொற்றுக்கு அஞ்சி ஒதுக்கப்பட்டவர் அவர். பசியோடும் நோயோடும் தனித்துக் கிடப்பது எப்படிப்பட்டது என்பதை அவரது உடல் அறிந்திருந்தது. பெயர் தெரியாத ஒரு பெண்மணியின் கை நீட்டிய உணவு எவ்வளவு பெரியது என்பதையும் அவர் அறிந்திருந்தார். அன்று பெற்றுக்கொண்டதையே இன்று பன்மடங்காகத் திருப்பிக் கொடுத்தார். எமது துன்ப நாட்கள் எவ்விதம் பலன் தருகின்றன என்பதற்கு இதனைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. துன்பம் ஒருவரைக் கசப்புள்ளவராகவும் ஆக்கலாம், இரக்கமுள்ளவராகவும் ஆக்கலாம். அடிகளார் இரண்டாவதைத் தெரிந்துகொண்டார்.

அவர் வளர்த்த திருச்சபை

பின்வந்த ஆண்டுகளில் அவர் நாட்டின் பல பகுதிகளுக்கும் நடந்து சென்றார். ஒல்லாந்தரின் ஆட்சிக்குட்பட்ட கொழும்பு, நீர்கொழும்பு முதலிய இடங்களுக்கும் மாறுவேடத்தில் சென்று மக்களைச் சந்தித்தார். ஒரு கிராமத்துக்கு ஒரு குருவானவர் ஆண்டில் ஓரிரு தடவைகளே செல்லக்கூடியதாக இருந்தது. ஏனைய நாட்களில் விசுவாசம் எவ்வாறு வாழும்? அதற்கும் அவர் வழி கண்டார். ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். ஞாயிறு தினங்களில் மக்களைக் கூட்டிச் செபிப்பதும், சிறுவர்களுக்கு மறைக்கல்வி புகட்டுவதும், இறக்கும் தறுவாயில் இருப்போருக்குத் துணைநிற்பதும், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்களது கடமைகளாயின. தமிழிலும் சிங்களத்திலும் செபங்களையும் மறைக்கல்வியையும் அவர் ஆயத்தம் செய்தார். 1705ஆம் ஆண்டு வந்துசேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், இரு மொழிகளிலும் பல நூல்களை இயற்றி அப்பணியை விரிவுபடுத்தினார்.

விதைக்கிறவன் இரவில் உறங்கிப் பகலில் எழுகின்றான். விதையோ அவனறியாமலே முளைத்து வளர்கின்றது என்று ஆண்டவர் இயேசு கூறிய உவமையை நீங்கள் அறிவீர்கள். அடிகளார் அந்த உவமையை நம்பி வாழ்ந்தவர். தாம் இல்லாத நாட்களிலும் இறைவன் அம்மக்களிடையே செயலாற்றுகின்றார் என்று நம்பியதாலேயே பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்க அவரால் முடிந்தது.

அவரை ஆயர் நிலைக்கு உயர்த்த விரும்பினார்கள். அவர் அதனை ஏற்கவில்லை. நடந்து நடந்து தளர்ந்த உடல், 1711ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16ஆம் திகதி கண்டியில் ஓய்ந்தது. அவருக்கு வயது 59. கோவாவை விட்டுப் புறப்பட்ட பின்னர் அவர் தமது சொந்த ஊரை மீண்டும் காணவேயில்லை.

அவர் இறந்தபோதும் ஒல்லாந்தரின் தடைச்சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. கத்தோலிக்கருக்கு எதிரான அச்சட்டங்களை ஆங்கிலேய அரசு நீக்கியது 1806ஆம் ஆண்டிலேயே. அதாவது அடிகளார் இறந்து 95 ஆண்டுகளின் பின்னர். கண்டியில் அவர் அடக்கம் செய்யப்பட்ட ஆலயமும் பிற்காலத்தில் அழிக்கப்பட்டது. அவரது கல்லறை இருந்த இடம் எது என்று திட்டவட்டமாகச் சொல்ல இன்று எவராலும் இயலவில்லை. கோதுமை மணி மண்ணுக்குள் மறைந்தேவிட்டது. விளைச்சலை மட்டும் நாம் காண்கின்றோம்.

1995ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 21ஆம் திகதி திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்புக் காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14ஆம் திகதி அதே திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். வழமையாக வேண்டப்படும் இரண்டாவது அற்புதத்தை அவர் விடயத்தில் திருத்தந்தை வேண்டி நிற்கவில்லை. இறந்து 304 ஆண்டுகளுக்குப் பின்னரே புனிதர் பட்டம் கிடைத்தது. காத்திருப்பு அடிகளாரை விண்ணகம் சென்ற பின்னரும் விட்டபாடில்லை!

எமக்கான அழைப்பு

அன்பார்ந்த வாசகர்களே, தொடக்கத்தில் எழுப்பிய இரண்டு கேள்விகளுக்கு மீண்டும் வருவோம். இறைவன் எனது மன்றாட்டைக் கேட்கின்றாரா? யோசப் வாஸ் அடிகளாரின் மன்றாட்டை இறைவன் கேட்டார். ஆனால் அவர் கேட்ட நேரத்தில் அல்ல. காத்திருந்த காலத்தில் அவரது வேண்டுகோள் மாறவில்லை, வேண்டியவர் வளர்ந்தார். 25 வயதில் ஆவல் மட்டும் இருந்தது. 36 வயதில் அந்த ஆவலோடு தாழ்ச்சியும் அனுபவமும் சேர்ந்திருந்தன. விசுவாசத்தில் வளர்வது என்பது பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கின்றது. வளரும்போது அது எமக்குத் தெரிவதில்லை.

இந்த நிலையில் என்னால் யாருக்கு என்ன பயன்? கன்னடக் கரையில் இருந்தபோது அடிகளார் அங்கிருந்த ஏழைகளுக்குப் பயன்பட்டார். சிறையில் இருந்தபோது ஒரு மொழியைக் கற்று, வரவிருந்த மக்களுக்குப் பயன்பட்டார். கொள்ளைநோயின்போது தண்ணீர்க் குவளையை ஏந்திப் பயன்பட்டார். நாம் போக விரும்பும் இடத்தை அடையும்வரை எமது அன்பை ஒத்திவைக்க வேண்டியதில்லை என்பதே அவர் கற்றுத்தரும் பாடம்.

படுக்கையில் கிடக்கும் பெற்றோரை ஆண்டுக்கணக்காகப் பராமரிக்கும் பிள்ளைகளே, ஞாயிறுதோறும் நான்கைந்து சிறுவர்களை வைத்துக்கொண்டு மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியர்களே, பதில் வராத கதவுகளை இன்னமும் தட்டிக்கொண்டிருக்கும் தாய்மாரே, உங்கள் உழைப்பு எவருக்கும் தெரியவில்லை என்று மனம் தளர வேண்டாம். யாழ்ப்பாணத்து ஒதுக்குப்புறத்தில் ஒரு நோயாளிக்கு உணவு கொடுத்த அந்தப் பெண்மணிக்கும், தாம் யாரைக் காப்பாற்றுகின்றார் என்பது தெரிந்திருக்கவில்லை. இறைவனுக்குத் தெரிந்திருந்தது. அதுவே போதுமானதாயிற்று.

இவ்வாரத்தில் ஒன்றைச் செய்வோம். எமது நீண்டநாள் மன்றாட்டை இறைவனிடம் மீண்டும் ஒருமுறை ஒப்புக்கொடுப்போம். பின்னர் எழுந்து, எமக்கு அருகிலேயே காத்திருக்கும் ஒருவரைத் தேடிச் செல்வோம். புனித யோசப் வாஸ் அடிகளாரின் பரிந்துரையால், காத்திருக்கும் பொறுமையையும் காத்திருக்கும்போதே பணி செய்யும் மனதையும் இறைவன் எமக்கு அருள்வாராக.